ஸ்பூனோடு வந்த ஆசாமி

“என் காரைத் திருடிட்டாங்க மேடம்” என்றாள் வந்தவள்.

“எங்க நிறுத்தியிருந்தீங்க?” பேனாவைத் திறந்துகொண்டே கேட்டேன்.

“பீரோ மேல.”

பேனாவை மூடிவிட்டேன். இந்த ஆபீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொருளைத் தொலைத்தவர்கள், மீதிப் பேர் புத்தியைத் தொலைத்தவர்கள். இவள் எந்த ரகம் என்று கேட்பது போல் சித்தியைப் பார்த்தேன். சித்தி அசையவில்லை.

சித்தி என்று சொல்லிவிட்டேன். ஆபீஸில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நசுங்கின கார்களைப் பார்த்து எது தானாக இடித்தது, எது வேண்டுமென்றே இடித்தது என்று கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். ரிட்டயர் ஆனதும் வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. சாவி வெட்டுகிற கடைக்கு மாடியில் இந்த ஒற்றை அறையைப் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் என்று போர்டு மாட்டினாள். எந்த வேலையிலும் ஒட்டாத அக்கா மகன் என்பதால் நான் உதவியாளன் ஆனேன். சாதாரணமாக ‘மேடம்’ சரியாகத்தான் வரும். பயமோ அதிர்ச்சியோ வந்தால் மட்டும் வாயில் சித்தி வந்துவிடும்.

வந்தவள் செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை பார்ப்பவள். கையில் ஒரு ஷூ டப்பா. அதைத் திறந்து, குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் ஒரு குட்டிக் காரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒரு சாண் நீளம் இருக்கும். மாதுளம்பழத்தைப் பிளந்தால் உள்ளே தெரியுமே, அந்தச் சிவப்பு. கதவு திறந்தது. ஸீட்டில் தையல் கோடு கூட இருந்தது.

“காரைத் திருடிட்டாங்கன்னீங்க. அப்ப இது என்ன?” என்றேன்.

“இது அவங்க வெச்சுட்டுப் போனது. என் காரும் இதே மாதிரிதான் இருக்கும். இதே கலர், இதே சக்கரம். ஆனா...” குரல் இறங்கியது. “இது என்னோடதை விட நல்லா இருக்கு.”

“இந்தத் திருடன் கிடைச்சா எங்க வீட்டுப் பக்கம் அனுப்புங்க. ஃப்ரிட்ஜ் ஒண்ணு பழசா இருக்கு.”

சித்தி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். “நீங்க சொல்லும்மா.”

அவள் சொன்னாள். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் கார்களை ஒட்டிச் செய்வது அவள் பொழுதுபோக்கு. மற்றவர்கள் பெட்டி மேல் படத்தில் இருப்பது போலவே செய்வார்கள். இவள் அதை அறுத்து, ராவி, தன் இஷ்டத்துக்கு மாற்றுவாள். இந்தக் காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தியிருந்தாள். நாலு கதவை இரண்டாக்கியிருந்தாள். நிறத்தையும் அவளே கலந்தாள். பெயிண்ட் நன்றாக இறுக வேண்டுமென்று ரெண்டு மாதமாக டப்பாவை மூடி பீரோ மேல் வைத்தவள், இன்று காலையில்தான் திறந்திருக்கிறாள்.

“என் கார்ல மூணு குறை உண்டு மேடம். எனக்கு மட்டும்தான் தெரியும். பின் கண்ணாடியை அவசரத்துல தப்பான பசையில ஒட்டிட்டேன், அது புகை அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. டிக்கி மேல, வார்னிஷுக்கு அடியில, என் விரல் ரேகை. இடது கதவு சரியா மூடாது. இதுல பாருங்க. மூணுமே இல்ல.”

“அதுக்குச் சந்தோஷப்படணும், இல்லையா?” என்றேன்.

“நாளைக்கு மத்தியானம் கண்காட்சி” என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. “அருங்காட்சியகத்துலேர்ந்து வர்றாங்க. அவங்களுக்கு மாடல் செய்ய ஒரு ஆளை அங்கேயே தேர்ந்தெடுக்கப் போறாங்க. அது எனக்குக் கிடைச்சா நான் இனிமே பல் செய்ய வேண்டாம், இதையே வேலையா செய்யலாம். எத்தனை வருஷக் கனவு! ‘என் கையால செஞ்சது’ன்னு எழுதிக் கொடுக்கணும். இதை வெச்சா நான் பொய்க்காரி. வைக்கலைன்னா வாய்ப்பு போச்சு. எங்க கிளப்புல ஒருத்தர் இருக்கார், வருஷா வருஷம் ஜெயிக்கிறவர், சாம்பியன்னுதான் கூப்பிடுவோம். நாளைக்கு எல்லார் முன்னாடியும் எழுந்து, ‘இது நான் செஞ்ச கார், இந்தம்மா திருடிட்டாங்க’ன்னு சொன்னா? நான் என்ன பண்ணுவேன்?”

இது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல காரை வைத்து ஆளைக் கவிழ்ப்பது! மனசுக்குள் சாம்பியனுக்கு விலங்கு மாட்டிவிட்டேன்.

சித்தி பூதக்கண்ணாடியை எடுத்துக் காருக்கு உள்ளே ரொம்ப நேரம் பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. “உள்ள இருக்கறதெல்லாம் அசையுமா?”

“அசையாது. ஒட்டும்போது எப்படி வெச்சோமோ அப்படியேதான் நிக்கும்.”

“வீட்ல யார் யார்?”

“வீட்டுக்காரர் கப்பல் வேலை. இப்ப மாமனார் மட்டும்தான். அவர் என் ரூம் பக்கமே வர மாட்டார், பெயிண்ட் வாடை ஆகாது. லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுக்கிற அதிகாரியா இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை மூணு தடவை ஃபெயிலாக்கினார்.”

“பெண் பார்க்க வந்தா?”

“டிரைவிங் டெஸ்ட்ல சார். முதல் தடவை இண்டிகேட்டர் போடல. ரெண்டாவது தடவை ரிவர்ஸ்ல கம்பத்துல இடிச்சேன். மூணாவது தடவை ஹேண்ட் பிரேக் போடாம இறங்கிட்டேன், வண்டி பாட்டுக்கு உருண்டு போச்சு. ஒவ்வொரு தடவையும் முகத்தைக்கூடப் பார்க்காம ஒரே வசனம். ‘அடுத்த மாசம் வாங்க. வரிசையில நில்லுங்க.’ நாலாவது தடவை வரிசையில எனக்கு முன்னாடி நின்னவர்தான் இப்ப என் வீட்டுக்காரர். பெத்த பையனையும் ஃபெயிலாக்கியிருந்தார்.”

“நேர்மையான மனுஷன்” என்றாள் சித்தி.

“நேர்மை எல்லாம் சரி மேடம். இத்தனை வருஷத்துல என்னை ஒரு வார்த்தை பாராட்டினதில்ல. நான் செஞ்ச எந்தக் காரையும் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் கண்ணீர் நிஜமாகவே கீழே விழுந்தது.

*

அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“வண்டி யாரோடது?” என்று ஒரு குரல்.

முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்ட பெரியவர் ஒருவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார். “பின் சக்கரம் கோட்டுக்கு வெளியே நிக்குது.”

“இதோ சார், ரெண்டே நிமிஷம்...”

“விபத்துக்கு ரெண்டு நிமிஷம் ஜாஸ்தி.”

ஸ்கூட்டரை நகர்த்தினேன். அவர் திருப்தியில்லாமல் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட் பக்கம் போய்விட்டார். மாமனார் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மருமகளின் அறை சின்னது, ஆனால் ஒரு குண்டூசி கூட இடம் மாறி இருக்காது. பல் செதுக்குகிற கருவிகள் வரிசையாகத் தொங்கின. சுவரில், மாதுளைக் காரை முதல் அறுப்பிலிருந்து கடைசி வார்னிஷ் வரை எடுத்த படங்களை வரிசைப்படி ஒட்டியிருந்தாள். மேஜை ஓரம் ஒரு தெர்மாகோல் கட்டை, அதில் குத்தி நிறுத்திய பிளாஸ்டிக் ஸ்பூன்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம்.

“ஐஸ்கிரீம் பிசினஸும் உண்டா?” என்றேன்.

“கலர் பார்க்கிற ஸ்பூன் சார். கார் உடம்பு வளைவா இருக்கும், ஸ்பூனும் வளைவு. முதல்ல ஸ்பூன்ல அடிச்சுப் பார்த்துட்டுத்தான் கார்ல அடிப்போம்.”

சித்தி மாதுளை நிற ஸ்பூனை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஒரு பொட்டு அளவு இடம் மட்டும் பளபளவென்று மின்னியது.

“இந்த இடத்தை நீங்க பாலிஷ் போட்டீங்களா?”

“ஸ்பூனுக்கு யாராவது பாலிஷ் போடுவாங்களா மேடம்?”

“இந்தக் கலரை எப்படிக் கலந்தீங்கன்னு எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

“இல்ல. கைக்கணக்குதான்.”

“வாடா” என்றாள் சித்தி என்னைப் பார்த்து. ஸ்பூன் அவள் கைப்பைக்குள் போனது.

“சாம்பியன் வீட்டுக்குத்தானே?” என்றேன் படியில் இறங்கும்போது. “நேரா போய்ச் சட்டையைப் பிடிச்சா...”

“அடிபட்ட கார்க் கதவுக்கு கலர் சேர்க்கணும்னா பெயிண்ட் கடைக்காரன் முதல்ல என்ன செய்வான்? ஒரு சின்ன இடத்தைத் தேய்ச்சுப் பளபளப்பாக்குவான். அப்பத்தான் நிஜக் கலர் தெரியும். நான் ஆயிரம் கதவுல பார்த்திருக்கேன். சாம்பியன்னா தானே கலந்துக்குவான், கடைக்கு ஏன் போறான்? கலக்கத் தெரியாத ஒரு ஆள் இந்த ஸ்பூனை எடுத்துட்டுப் போய்க் கலர் வாங்கியிருக்கான். அப்புறம் பத்திரமா எடுத்த இடத்துலயே குத்தி வெச்சிருக்கான்.”

“நாகரிகமான திருடன்” என்றேன்.

*

நிஜக் கார்களுக்குப் பெயிண்ட் கலக்கும் கடை, ரெண்டு தெரு தள்ளி இருந்தது. வாசல் முழுக்கக் கழற்றிப் போட்ட பம்பர்கள். கடைக்காரரின் சட்டையில் இல்லாத நிறமே இல்லை. சித்தி கைப்பையிலிருந்து ஸ்பூனை எடுத்து நீட்டினாள்.

அவர் ஸ்பூனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“ஐயோ, நீங்களும் ஸ்பூனா? இத்தனை வருஷக் கடையில ஒருத்தர் கதவோட வருவார், ஒருத்தர் பம்பரோட வருவார். ஸ்பூனோட வந்தவர் ஒரே ஒருத்தர்தாங்க! ‘இந்தக் கலர் வேணும்’னார். ‘எவ்வளவு பெரிய கார் சார்’னு கேட்டேன். கையை விரிச்சு, ‘ஒரு சாண்’ங்கிறார்!”

“எப்ப வந்தார்?”

“மூணு நாலு தடவை வந்துட்டாருங்க. முதல் தடவை வந்து ரெண்டு மாசம் இருக்கும். ஒவ்வொரு தடவையும், ‘அடிச்சது வழிஞ்சுடுச்சு, திட்டுத் திட்டா வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம் கொடுங்க’ம்பார். பாவமா இருக்கும். வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் தடவை பெயிண்ட் அடிக்க நின்னா ஒரு முகம் இருக்குமே, அந்த முகம்.”

“ஆள் எப்படி இருப்பார்?” என்று நான் குறுக்கே பாய்ந்தேன். “முறுக்கி விட்ட மீசை? சாம்பியன் மாதிரி?”

“சாம்பியனா? அதெல்லாம் இல்லீங்க. பெரியவர். கழுத்துவரைக்கும் பட்டன். நல்ல மனுஷன்தான், ஆனா ஒரே தொல்லை. வர்றப்ப எல்லாம் என் வாசல்ல நிக்கிற வண்டி அத்தனையையும் கோட்டுக்குள்ள நகர்த்த வெச்சுட்டுத்தான் உள்ள காலே வைப்பார்.”

என் வாய் தானாகத் திறந்தது. “சித்தி!”

“மேடம்” என்றாள் சித்தி.

*

ஷெட் கதவுக்கு வெளியே வைத்து விஷயத்தைச் சொன்னதும் மருமகளின் முகம் வெளிறியது. அப்புறம் சிவந்தது.

“அவரா? அவருக்கு நான் ஜெயிக்கக்கூடாதா? ஒரு வீட்ல இருந்துக்கிட்டா?” என்றவள், நாங்கள் தடுப்பதற்குள் கதவைத் தள்ளிவிட்டாள்.

உள்ளே ஒரு பழைய வெள்ளைக் கார். கண்ணாடிகள் எல்லாம் இறக்கியிருந்தன. டிரைவர் ஸீட்டில் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் மேல் ஒரு பலகை, பலகை மேல் பசை, அரம், துணி. கையில் ஒரு பல்குச்சி. நின்ற இடத்தில் நிற்கிற காரில், ஸீட் பெல்ட் போட்டுக்கொண்டு மனுஷன் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பின் ஸீட்டில் மூன்று மாதுளைக் கார்கள். ஒன்றில் பெயிண்ட் வழிந்திருந்தது, ஒன்று திட்டுத் திட்டாக இருந்தது, ஒன்றுக்குக் கதவே பொருந்தவில்லை.

“ஏன் மாமா?” அவள் கார் ஜன்னலில் குனிந்தாள். “நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் திருடின்னு நிக்கணுமா?”

“திருடியா?” பெரியவர் பதறினார். “உன்னையா? எவன் சொன்னான்? ஆளைக் காட்டு!”

இது வில்லன் பேசுகிற வசனமாக இல்லையே என்று நான் சித்தியைப் பார்த்தேன்.

“கோபப்படாதம்மா” என்றாள் சித்தி. “ஆபீஸ்லயே எனக்குப் பாதி தெரியும். டப்பாவுல இருந்த கார்ல ஹேண்ட் பிரேக்கை மேல தூக்கி ஒட்டியிருக்கு. பொம்மைக் கார்லகூட ஹேண்ட் பிரேக் போடாம இறங்க மனசு வராத ஆள் ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க? ஆனா ஏன்னு எனக்கும் தெரியாது. அவர்தான் சொல்லணும்.”

மருமகள் திகைத்து நின்றாள். “நான் எந்தக் கார்லயும் ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி ஒட்டினதே இல்ல. வேணும்னேதான்.”

“கவனிச்சிருக்கேன்” என்றார் மாமனார்.

“என்னது?”

“எல்லாக் கார்லயும் கவனிச்சிருக்கேன்.”

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“நீங்கதான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்களே மாமா?”

அவர் பல்குச்சியைக் கீழே வைத்தார். “நீ வேலைக்குப் போனதும் தினமும் போய்ப் பார்ப்பேன்ம்மா. காலையில பூங்காவுல எங்க கூட்டம் ஒண்ணு உட்காரும். ஒருத்தன் என் பையன் என் பையன்ம்பான், ஒருத்தன் என் பொண்ணும்பான். எனக்கும் சொல்லணும்னு ஆசை. வாயில வரல. சரி, கொண்டு போய்க் காட்டிடுவோம்னு எடுத்துட்டுப் போனேன். பெஞ்சுல வெச்சேன். மூக்குக்கண்ணாடி எடுக்க அந்தப் பக்கம் திரும்பினேன்...” அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். “எங்க கூட்டத்துலயே குண்டான ஆள் வந்து உட்கார்ந்துட்டார்.”

“எது மேல?” என்றேன்.

“கார் மேல.”

நான் என் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன்.

“உன்கிட்ட சொல்ல தைரியம் வரல. நீ டப்பாவைத் திறக்கறதுக்குள்ள அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சுடலாம்னு பார்த்தேன். அதே பெட்டியைக் கடையில வாங்கினேன். சுவத்துல படம் வரிசையா இருந்துச்சு, அதைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். மூணு தடவை ஃபெயில். நாலாவதுதான் தேறுச்சு. உன் கார்ல மூணு குறை இருந்துச்சு, அதையும் அப்படியே செய்ய எனக்குக் கை வரல. இப்ப இதை எப்படியாவது ஒட்டிடலாம்னு...” பலகை மேல் இருந்த துணியை விலக்கினார். அவளுடைய நிஜக் கார். கூரை ஸீட்வரை அமுங்கி, முன்பக்கம் மடங்கி, ஒரு சக்கரம் வெளியே திரும்பிக் கிடந்தது.

அவள் அதைக் கையில் எடுத்தாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. அதுக்காக நான் எத்தனை வருஷம் காத்துட்டு இருந்தேன் தெரியுமா?”

“நல்லா இருக்கும்மா. எல்லாமே நல்லா இருக்கு. இந்த வீட்ல உன் கைக்கு ஈடு யாருமில்ல.” பெரியவர் மூக்கை உறிஞ்சினார். “நாளைக்கு நான் செஞ்சதையே வெச்சுடு. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

அவள் நசுங்கின காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகை நின்றது. விரலால் மடிந்த ஓரத்தைத் தடவினாள். பல் லேபில் பார்க்கிற பார்வை வந்துவிட்டது.

“இந்த ஓரத்தை மெலிசா ராவினா தகரம் கிழிஞ்ச மாதிரியே தெரியும்” என்று தனக்குத்தானே சொன்னாள். “பின் கண்ணாடி ஏற்கெனவே வெளுத்துதான் இருக்கு. கதவு மூடவே வேண்டாம். துரு மட்டும்தான் பாக்கி. மேடம், நீங்க அடிபட்ட கார் ஆயிரம் பார்த்தவங்க. மேல ஒரு பாரம் விழுந்தா கூரை முதல்ல எங்க மடியும்?”

சித்தி முட்டி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கண்ணாடிக்கு மேல, இந்த மூலையில. காட்டறேன் வா.”

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவள் எழுந்து, ஷூ டப்பாவிலிருந்து மாமனார் செய்த காரை எடுத்தாள். சித்தியிடம் பூதக்கண்ணாடியை வாங்கி, காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பெரியவர் ஸீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இறங்கி நேராக நின்றார்.

“மாமா, முன்னாடி ரெண்டு ஓரத்துலயும் ஆரஞ்சு எங்க?”

அவர் குனிந்து பார்த்தார். முகம் விழுந்தது. “அடிக்கல.”

“இண்டிகேட்டர் இல்லாம வண்டி எடுத்திருக்கீங்க.” அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் காரை அவர் கையில் கொடுத்தாள். “ஃபெயில். நாளைக்குக் கண்காட்சிக்கு வாங்க. புதுசா செய்யறவங்க பிரிவுல வரிசையில நில்லுங்க.”

“சரிங்க மேடம்” என்றார் மாமனார்.

*

மறுநாள் கண்காட்சியில் நாங்களும் இருந்தோம். குத்துச்செடிக்கு நடுவே கைவிடப்பட்டுத் துருவேறிக் கிடந்தது மாதுளைக் கார். நசுங்கின கூரை மேல் காய்ந்த இலைகள். அருங்காட்சியகத்து அம்மாள் சாம்பியனின் மேஜையைத் தாண்டி வந்து அதன் முன்னால் நின்றவர், நகரவே இல்லை. தெரிந்த பழைய சிநேகிதரைப் பார்ப்பது போல் பார்த்தார்.

“எல்லாரும் புது வண்டிதான் செய்றாங்க. எங்க அருங்காட்சியகத்துல இருக்கறது முழுக்க பழைய வண்டி” என்றார். “கூரையை இவ்வளவு இயற்கையா எப்படி நசுக்கினீங்க?”

மருமகள் கூட்டத்தைத் தேடினாள். பூங்காக் கூட்டம் மொத்தமும் வந்திருந்தது. அதில் ஒரு பெரிய உருவம் தூணுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது. தூண் பத்தவில்லை.

“உதவி இருந்தது மேடம்” என்றாள். “ராவினது, துரு ஏத்தினது, மத்ததெல்லாம் என் கை.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறந்து தன் விலாசச் சீட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். “திங்கட்கிழமை வந்துடுங்க. வேலை நிறைய இருக்கு.”

நான் திரும்பிப் பார்த்தேன். புதுசா செய்கிறவர்களின் வரிசையில், முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சுப் பொட்டு வைத்த காரை ஏந்திக்கொண்டு மாமனார் நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்றவரின் தோளைத் தட்டினார். அவர் யாரோ, எவரோ.

“அங்க நசுங்கின கார் ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா?” என்றார், ஹால் முழுக்கக் கேட்கிற குரலில். “என் மருமக செஞ்சது.”